கோழிக்குப் புளித்த தீவனம்: வாளிக்குள் எது போகலாம், எது போகக்கூடாது

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டாயில் பதினொரு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராமம். பாதி சிறுவிடை என்ற நாட்டு ரகம், மீதி எது எதற்கோ பிறந்த கலப்பு. பகலில் தோட்டத்தில் மேயும், காலையில் ஒரு வேளை நல்ல தீவனம், சாயங்காலம் அடையும்முன் ஒரு கை தானியம். இந்த அளவில்தான் தீவனத்தைப் புளிக்க வைத்துக் கொடுத்து வருகிறேன். ஆயிரம் கோழி வைத்திருப்பவருக்கு இந்த முறை ஒத்து வராது, லாபத்தை ஆள் கூலியே தின்றுவிடும்.

ஆரம்பித்த காரணம் ஆரோக்கியம் ஒன்றும் இல்லை, தூள்தான். அரைத்த தீவனத்தைத் தொட்டியில் கொட்டினால் கோழி மக்காச்சோளக் குருணையை மட்டும் பொறுக்கித் தின்னும். மாவாக இருப்பதை அலகால் இப்படியும் அப்படியும் தள்ளிவிடும். தரையில் போனது எறும்புக்கும் எலிக்கும். அந்தத் தூளில்தான் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் தாது உப்பும் இருக்கின்றன. தீவனத்தில் விலை அதிகமான பகுதி எதுவோ அதுவே மண்ணுக்குப் போகிறது. ஈரமாகக் கொடுத்தால் தூள் தானியத்தோடு ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது. வெறும் தண்ணீரில் பிசைந்து கொடுத்தாலே இவ்வளவும் நடக்கும். நம் ஊர் வெயிலில் வெறுமனே நனைத்த தீவனம் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும், அதுதான் சிக்கல். புளித்தது அவ்வளவு சீக்கிரம் கெடாது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் கண்ணு, கோழிக்கு இட்லி மாவா கரைக்கறே?" என்று கேட்டார். கேலிதான், ஆனாலும் நடப்பது அதேதான். தானியத்தின் மேல்தோலில் லாக்டிக் அமில பாக்டீரியா ஏற்கெனவே ஒட்டியிருக்கும். தண்ணீரில் மூழ்கி, காற்று குறைவாக, சூடாக இருந்தால் அது பெருகி மாவுச்சத்தையும் சர்க்கரையையும் லாக்டிக் அமிலமாக்கும். புளிப்பு ஏறியதும் அழுக வைக்கும் கிருமிகளுக்கு அங்கே இடமில்லை. புளிப்பை அளக்கும் எண் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற நோய்க் கிருமிகளுக்கு பிஎச் 4.5-க்குக் கீழே பெருகுவது பெரும்பாடு.

இன்னொரு பயனும் உண்டு. தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி கோழியின் குடலில் போதுமான அளவு இல்லை. தானியம் ஊறிப் புளிக்கும்போது அதன் சொந்த நொதியே வேலை செய்து பூட்டைக் கொஞ்சம் திறந்துவிடும். மக்காச்சோளத்தில் அந்த நொதி மிகக் குறைவு, கோதுமைத் தவிட்டில் அதிகம். அதனால்தான் என் வாளியில் எப்போதும் ஒரு பிடி கோதுமைத் தவிடு இருக்கும்.

வாளியில் போவது

ஒரு நாளைக்கு என் அளவு இது: உடைத்த மக்காச்சோளம் 300 கிராம், கம்பு 150, வெள்ளைச் சோளம் 100, கோதுமைத் தவிடு 50. மொத்தம் 600 கிராம். கம்பை உடைப்பதில்லை, முழுசாகவே ஊறிவிடும். சோளத்தை ஒரு தடவை மிக்ஸியில் ஓடவிட்டால் போதும்.

வாளிக்குள் போவது அவ்வளவுதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பல பேர் கடையில் வாங்கிய முட்டைக்கோழித் தீவனத்தை அப்படியே மூட்டையிலிருந்து எடுத்து ஊற வைக்கிறார்கள். புளிக்கும், கோழியும் தின்னும். ஆனால் கம்பெனித் தீவனத்தில் லைசின் போன்ற அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தைக் கட்டும் கூறுகளை, தனியாகச் சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்த்த லைசினை வாளியில் இருக்கும் பாக்டீரியாவே தின்று தீர்க்கும். பன்றிகளுக்குத் திரவத் தீவனம் புளிக்க வைக்கும் ஐரோப்பியப் பண்ணைகளில் இது தெரிந்த விஷயம். அங்கே தானியத்தை மட்டும் தனியாகப் புளிக்க வைத்து, மற்றதைப் போடும் நேரத்தில் கலக்கிறார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கிய சத்தைப் பாக்டீரியாவுக்கு ஏன் படைக்க வேண்டும்?

கிளிஞ்சலும் வாளிக்குள் போகாது. அது கால்சியம் கார்பனேட். அமிலத்தில் விழுந்தால் நுரைத்து, ஏறிய புளிப்பையே அடித்துவிடும். கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் முட்டையிடும் கோழி தேவைக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது, ஆகவே சாயங்காலம் கிண்ணம் நிரம்பியிருக்க வேண்டும். சேவலுக்கு அவ்வளவு கால்சியம் ஆகாது. தீவனத்தோடு பிசையாமல் தனியாக வைக்க அது இன்னொரு காரணம்.

தண்ணீரும் பாத்திரமும்

பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முதல் நாள் இரவே அகலமான பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்துவிடுவேன். குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போடுகிறார்கள், நமக்கு வேண்டிய கிருமியையும் அது விட்டு வைக்காது. போர் தண்ணீருக்கு வேறு குணம். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், டீப்பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் கட்டும். அந்தத் தண்ணீரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். மழைத் தண்ணீர் கிடைக்கும் மாதங்களில் அதே வாளி எவ்வளவு வேகமாகப் புளிக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

பாத்திரம் பிளாஸ்டிக் வாளியோ, பீங்கான் ஜாடியோ, எவர்சில்வரோ இருக்கலாம். அலுமினியம், பித்தளை, துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளி வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரித்துத் தீவனத்தில் இறக்கிவிடும். பெயின்ட் வாளியைக் கழுவி எடுத்துக்கொள்வதும் வேண்டாம். பலகாரக் கடைகளில் எண்ணெய் வந்த வெள்ளை வாளி சும்மாவே கிடைக்கும்.

தானியத்துக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்ற வேண்டும். கம்பும் தவிடும் உறிஞ்சிக்கொண்டு மேலே வரும். மறுநாள் காலை பார்த்தால் தண்ணீர் மட்டம் இறங்கித் தானியம் காய்ந்து தலை நீட்டிக்கொண்டிருக்கும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். மறுபடி ஊற்றி மூழ்கடித்துவிட வேண்டும். வாயில் மெல்லிய வேட்டித் துணியைப் போட்டுக் கயிற்றால் கட்டினால் போதும். மூடியை இறுக்கினால் வாயு வெளியேற வழியில்லாமல் உப்பும். காலையும் மாலையும் ஒரு கிளறு.

முதல் வாளிக்கு மட்டும் ஒரு கரண்டி மோர் ஊற்றலாம். ஊற்றாவிட்டாலும் புளிக்கும், ஒரு நாள் தாமதம் அவ்வளவுதான். அடுத்த வாளிக்குப் பழைய வாளியில் வடித்த தண்ணீரே உறை. கடையில் விற்கும் ஈஸ்ட் வேண்டாம், அது சாராய வாடையைத்தான் கொண்டு வரும். ஒரே வடிநீரை மாதக்கணக்கில் ஓட்டினாலும் ஈஸ்ட் தானாகவே கை ஓங்கும். கள் வாடை தூக்கலாக அடிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டி, வாளியைக் கழுவி வெயிலில் காயவைத்துப் புதிதாகத் தொடங்குவேன்.

எப்போது பதம்

சித்திரை வெயிலில் 24 மணி நேரத்திலேயே பதம் வந்துவிடும். மார்கழியில் இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே கோடையில் இரண்டு வாளி சுற்றில் இருக்கும், குளிர் மாதங்களில் மூன்று. கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம். தயிர்ப் புளிப்பும் லேசான பழ வாடையும் வந்தால் சரி. கிளறும்போது குமிழி வரும், தண்ணீர் கலங்கி வெள்ளையாக இருக்கும். மேலே வெண்மையாக மெல்லிய ஆடை படர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஒரு வகை ஈஸ்ட். எடுத்துவிட்டோ கலக்கிவிட்டோ கொடுக்கலாம்.

பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பஞ்சு போல எதுவும் முளைத்திருந்தால் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் சிக்கனம் கூடாது. வாந்தி வாடையோ அழுகிய முட்டை வாடையோ அடித்தாலும் அப்படியே. குழி தோண்டிப் புதைக்க வேண்டும், கோழி கிளறும் குப்பைமேட்டில் கொட்டினால் கொடுத்ததற்குச் சமம்தான்.

மூக்கில் நம்பிக்கை வராதவர்கள் பிஎச் தாள் வாங்கிக்கொள்ளலாம். பரிசோதனைக்கூடப் பொருள் விற்கும் கடையில் சிறு புத்தகமாகக் கிடைக்கும். ஊறப் போட்ட அன்று 6 பக்கம் காட்டும் வாளி, பதம் வந்ததும் 4 பக்கம் இறங்கியிருக்கும். கொஞ்ச காலம் பார்த்தேன், மூக்கும் தாளும் ஒத்துப்போனதும் தாளை விட்டுவிட்டேன்.

பிசைந்து வைப்பது

காலையில் வடிதட்டில் கொட்டி நீரை இறக்கி, அந்த நீரை அடுத்த வாளிக்கு எடுத்து வைக்கிறேன். வடித்த தானியத்தோடு அரைத்த கடலைப் புண்ணாக்கு 150 கிராம், உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 50 கிராம், கொஞ்சம் தாது உப்புக் கலவை. உலர்ந்த கணக்கில் 800 கிராமுக்குப் புரதம் 18 சதவீதம் பக்கம் வரும். முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 வரை போதும். கடலைப் புண்ணாக்கில் லைசினும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு, அந்தக் குறையைக் கருவாடு நிரப்புகிறது. உப்புக் கருவாட்டை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள், கோழிக்கு உப்பு மிஞ்சினால் செத்துப்போகும்.

கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். குழைவாக இருந்தால் அலகில் அப்பிக்கொண்டு இறகில் துடைக்கும், எச்சமும் இளகும், கொட்டாய் ஈரமாகும். நீர் அதிகமாகத் தெரிந்தால் ஒரு பிடி அரிசித் தவிடு தூவினால் சரியாகிவிடும். அரிசித் தவிட்டை ஆலையிலிருந்து புதிதாக வாங்கி ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், அதன் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும்.

முதல் தடவை வைத்தபோது கோழிகள் தொட்டியைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன, சேவல் மட்டும் ஒரு கொத்துக் கொத்திவிட்டு அலகை மண்ணில் தேய்த்தது. பழகும்வரை பாதி உலர் தீவனம், பாதி புளித்தது என்று கலந்து வைப்பதே நல்லது. பிடித்துப்போன பிறகு வேறு தொல்லை. வாளிச் சத்தம் கேட்டாலே காலுக்குள் ஓடி வரும், தொட்டியில் அடிதடி. டென்மார்க்கில் முட்டைக்கோழிகளை வைத்து நடத்தி 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்விலும் இதே கதைதான். புளித்த தீவனம் தின்ற கோழிகளின் முட்டை எடை கூடி, ஓடும் உறுதியாக இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் கொத்திக்கொள்வது அதிகமாகி இறகு மோசமானதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஈரத் தீவனத்தைப் போட்டி போட்டுத் தின்னும் கூட்டத்தில் கடைசிக் கோழி பட்டினிதான். நாலு இஞ்ச் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து இரண்டு தொட்டி செய்து, எதிரெதிர் மூலையில் வைத்தபின் சண்டை அடங்கியது. அடி வாங்கும் கோழிக்கு ஓடிப் போக இன்னொரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் தின்று தீரும் அளவுதான் வைப்பேன். மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். பிசைந்த தீவனம் தொட்டியில் பரவிக் காற்றுப் பட்டதும் வாளியில் இருந்த பாதுகாப்பு போய்விடுகிறது. ஈ மொய்க்கும், கோடையில் ஒரே நாளில் புழு நெளியும். புழுவைக் கோழி தின்னும் என்பது வேறு விஷயம்.

இதனால் ஆகாதவை

முட்டை எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்லமாட்டேன். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துகொள்ளும். ஒன்று உட்கார, இன்னொன்று எழும். இந்தக் கூட்டத்தில் யாராவது சதவீதக் கணக்குச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. மஞ்சள் கரு நிறமும் புளிப்பால் வருவதில்லை. மஞ்சள் மக்காச்சோளம், முருங்கைக் கீரை, மேய்ச்சல் புல் இவற்றால் வருவது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது மூட்டை தீரும் வேகம். அதே கோழிக்கு அதே மூட்டை முன்பைவிடக் கூடுதல் நாள் வருகிறது, தரையில் தூள் இல்லை, எலி வரத்தும் குறைந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியும் முன்பு போல வேகமாகக் காலியாவதில்லை, தீவனத்திலேயே ஈரம் போய்விடுகிறதே.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கைப் புளிக்க வைத்தால் சுத்தமாகிவிடும் என்ற பேச்சு ஒன்று உலவுகிறது. அது ஆபத்தான பேச்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த நஞ்சுதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள், அஃப்ளடாக்சின் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டுக்கே அசையாது, வாளிப் புளிப்பை நம்பி அதைக் கோழிக்குப் போட முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் புண்ணாக்கை மூட்டையாக வாங்கி அடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, உடைத்துப் பார்த்து, உள்ளே சாம்பலோ பச்சையோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மக்காச்சோளத்துக்கும் இதே கெடுபிடிதான்.

வெள்ளைக்கழிச்சலுக்கும் இது மருந்து இல்லை. அது வைரஸ் நோய், புளிப்பு அதன் பக்கமே போகாது. குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி, கால்நடை மருந்தகத்தில் கேட்டு அதை விடாமல் போட வேண்டும். புளித்த தீவனம் கொடுக்கிறோமே என்று ஊசியைத் தள்ளிப் போட்ட வீட்டில் கொட்டாய் காலியானதைப் பார்த்திருக்கிறேன். தீனிப்பை தொங்கிப்போய் வாயில் புளித்த வாடை அடிக்கும் கோழி இருந்தால் அதற்கும் இதைக் கொடுக்காமல் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

குஞ்சு விஷயத்தில் எனக்கு அவசரம் இல்லை. தாயோடு பஞ்சாரத்தில் இருக்கும் முதல் வாரங்களில் உடைத்த கம்பும் கேழ்வரகும், கூடவே கரையானும்தான். பழைய மண்பானையில் சாணமும் கிழிந்த கோணிச் சாக்கும் அடைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்துவிட்டால் காலையில் கொத்தாக இருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் கையில் கிடைக்காது. இறக்கை முளைத்துத் தாயோடு தொட்டிக்கு வர ஆரம்பித்ததும் தானாகவே புளித்ததையும் கொத்தப் பழகிக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் வாளியை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. வடிநீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியை லேசாகத் திருகி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் உலர் தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்த அன்று இரவே புதுத் தானியத்தில் அந்த நீரை ஊற்றினால் அடுத்த வாளி வழக்கம்போலப் பதத்துக்கு வந்துவிடும்.